பள்ளத் தெருவுக்குப் பாதி மணல்

பொதுப்பணித் துறையில் அவளுக்கு 'வாளி அக்கா' என்று பெயர். கடற்கரைச் சாலையில், முன்னால் பெரிய வாளி வைத்த மண்ணள்ளும் வண்டி ஓட்டுகிறவள். சாலை பெருக்க வந்தவள், ஓட்டுநர் வராத ஒரு நாள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அதற்கப்புறம் யாராலும் அவளை இறக்க முடியவில்லை. பொம்பளை ஓட்டினால் வண்டி உருப்படுமா என்று கேட்ட மெக்கானிக்கே, அவள் வண்டியால் தனக்கு வேலையில்லை என்று இப்போது குறைபட்டுக்கொள்கிறார்.

சாலையில் சாய்ந்த மரம், அடைத்துக்கொண்ட சிறுபாலம், படகுத்துறைப் படியில் பாசி, கரை ஒதுங்கிச் செத்த திமிங்கலம் எல்லாம் அந்தத் துறையின் தலையில்தான். புயலடித்துச் சாலைமேல் ஏறும் மணலும் அப்படியே. அதை அள்ளி, கரை அரித்த இடம் பார்த்துத் திரும்பக் கொட்ட வேண்டும். விதி அவ்வளவுதான். ஆனால் வருஷா வருஷம் மணல் போய்ச் சேர்ந்தது கடலோர ஓட்டலின் முன்னால். அங்கே ஆளுயரக் கருங்கல் சுவர் இருக்கிறது. மணல் தேவைப்பட்டது விருந்தினர் நாற்காலி போட்டு வெயில் காய.

சுவரில்லாத பள்ளத் தெருவில்தான் அவள் வீடு. தெருவுக்கு முன்னிருந்த மணல்திட்டு கரைந்துபோய், போன மாதம் அலை கூடத்துக்குள்ளேயே வந்தது. கடல் கோபித்துக்கொண்டது என்றார்கள். கடலுக்குக் கோபமும் கிடையாது, ஆள் பார்க்கவும் தெரியாது. ஆள் பார்க்கத் தெரிந்தது அலுவலகத்துக்குத்தான்.

இந்த முறை புயல் ஓய்ந்த காலையில் நாத்தனார் வாசலில் மறித்துக்கொண்டாள்.

"ஊர் மண்ணெல்லாம் அள்ளுறீங்களே அண்ணி, நம்ம தெருவுக்கு ஒரு கை மண் வருமா? சாயங்காலம் பெரிய அலையாம். கட்டிலைத் தூக்கி எங்க வைக்கிறது, உங்க தலையிலயா?"

அவள் வேலைக்குக் கிளம்பினாள். சாலைக்குப் போய் மணலைக் குவித்து முடித்தபின், மேற்பார்வைக்கு வந்திருந்த துறைப் பொறியாளரிடம் கேட்டாள்.

"சார், இதைப் பள்ளத் தெரு முன்னாடி கொட்டிடலாமா?"

"உங்க வீடு அங்கதானேம்மா? ஆபீஸ் மண்ணை வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு பேச்சு வரும்."

"ஓட்டல்காரர் வீடும் ஓட்டலுக்குள்ளதானே சார் இருக்கு?"

மணல் ஏற்ற வந்திருந்த லாரிக்காரர் இருமுவதுபோலச் சிரித்தார். பொறியாளர் சிரிக்கவில்லை. "மேல கேக்கணும்" என்றார்.

"கேளுங்க சார்." அவள் வண்டியின் எஞ்சினை அணைத்தாள். குவியல் நடுச்சாலையில் நின்றது. அதற்குப் பின்னால் பேருந்து நின்றது, அதற்குப் பின்னால் ஓட்டலுக்குப் போகும் கார்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. அலுவலகத்தில் யாரும் எடுக்காத தொலைபேசியை அன்று உடனே எடுத்தார்கள்.

"பாதி அங்க, பாதி இங்க" என்று வந்து சொன்னார் பொறியாளர். ஓட்டல் பாதியை முதலில் கொட்டச் சொன்னார். கொட்டினாள்.

மீதியைப் பள்ளத் தெருவுக்குக் கொண்டுபோனபோது, தன் வீடு இருந்த முனையை விட்டு மறுமுனையிலிருந்து ஆரம்பித்தாள். பேச்சு வரக்கூடாதல்லவா. திட்டு எழும்பிக்கொண்டே வந்தது. கடைசி மூன்று வீடுகளுக்கு மணல் எட்டவில்லை. சாயங்காலம் தெரு முழுக்க உலர்ந்திருக்க, அந்த மூன்று வீடுகளில் மட்டும் தண்ணீர் நுழைந்தது.

"நீங்க நியாயம் பார்த்தது போதும் அண்ணி, கட்டில் காலைப் பிடிங்க" என்றாள் நாத்தனார். இருவரும் தூக்கினார்கள். அவளுக்குக் கோபம் வந்தது தண்ணீர்மேல் அல்ல, அந்தப் பாதிக் கணக்கின்மேல்.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் பொறியாளர் மேசை முன் நின்றாள்.

"எங்க தெருவுக்கு மீதி மணல் எப்ப சார்?"

"அதான் ஓட்டல் முன்னாடி கொட்டியாச்சேம்மா."

"கொட்டினவ நான்தான் சார். அள்ளத் தெரியாதா எனக்கு?" என்று வண்டிச் சாவிக்குக் கையை நீட்டினாள்.