முருகனுக்குப் பக்கத்தில் ஓர் அறை

தொண்ணூறுகளில் தம்பியின் அகதி விசாரணைக்குத் துணையாகப் பாரிஸிலிருந்து லண்டன் போனேன். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் காலை ஒன்பது மணிக்கு விசாரணை. தவறினால் அவனை நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடக்கூடும். நானோ ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் இருவருக்கும் அறை எடுத்தேன். வரைபடத்தில் அங்கிருந்து குரோய்டன் நாலு விரல் தூரம்தான்.

விசாரணையன்று காலைப் பூசை முடியட்டும் என்று கோயிலில் நின்றேன்.

"அண்ணை, கோயில் வடக்கிலை, கந்தோர் தெற்கிலை. இடையிலை முழு லண்டனும் கிடக்கு!" என்று தம்பி பல்லைக் கடித்தான்.

ஒன்பதரைக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தோம். வரிசை நீளமாக இருந்ததால் அவன் பெயரை இன்னும் கூப்பிடவில்லை.

"பாத்தியே, முருகன் காப்பாத்திப்போட்டார்."

"ஓம், பிந்த வைச்சதும் அவர்தானே."

இப்போதெல்லாம் எந்த ஊரிலும் வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் தங்குகிறேன். முருகனிடம் மயில் இருக்கிறது, எங்கேயும் வந்துவிடுவார்.