இரண்டு அரைக்கு ஒரு பெர்த்

1. முதல் நாள் பாடம்

நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்த அன்றைக்கே முதலாளி ஒரு கணக்குச் சொல்லித் தந்தார். "ரெண்டு அரை டிக்கெட்டுக்கு ஒரு பெர்த்து. பஸ்ல ரெண்டு பிள்ளைய ஒரே சீட்டுல போகலையா? அதே மாதிரிதான்." சரியென்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கீழே தறி ஓடுகிற கட்டடத்தின் மாடியில் எங்கள் ஆபீஸ். மெட்ராஸிலிருந்து பினாங்கு போகும் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்போம். பெயர், வயது, உறவு, பெர்த் எல்லாவற்றையும் லிஸ்ட்டாக அடித்து மெட்ராஸ் கம்பெனிக்கு அனுப்புவது என் வேலை. நாங்கள் எழுதியபடிதான் அங்கே கேபின் ஒதுக்குவார்கள். ஒரு கேபினில் கீழே இரண்டு, மேலே இரண்டு, ஆக நாலு பெர்த். நான் கப்பலைப் பார்த்ததில்லை. முதலாளியும் பார்த்ததில்லை. கேபின் பிளான் ஒன்று அளவுகளோடு சுவரில் தொங்கியது. அதைக் கிட்டப் போய்ப் படிக்கிற அக்கறை எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை.

2. சாக்பீஸ் கேபின்

இரண்டு வருஷம் கழித்து, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து செல்லத்தாய் என்கிற அம்மா மூன்று பிள்ளைகளோடு வந்தார். மூத்தவள் கனகுக்குப் பதிமூன்று வயது. தம்பிகள் இரண்டு பேர், பத்தும் எட்டும். பினாங்கில் கடை வைத்திருந்த அவர் வீட்டுக்காரர், 'நாலு பேருக்கும் தனித்தனி பெர்த், கேபினில் வேற்றாள் கூடாது' என்று கடிதத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

முதலாளி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என்னிடம் ஒரு துண்டுச்சீட்டைத் தள்ளினார். பையன்கள் இரண்டு பேருக்கும் மேல் பெர்த் ஒன்று. இன்னொரு மேல் பெர்த் அம்மாவுக்கு, கீழே ஒன்று கனகுக்கு. மிச்சமான கீழ் பெர்த்தில் ஊர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பெயர். நாற்பது வயது ஆள். உறவு என்ற இடத்தில், 'செல்லத்தாயின் அண்ணன்'.

"ஸார், இவரு அவங்க அண்ணனா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஊர்ல எல்லாரையும் அண்ணாச்சின்னுதானே கூப்பிடுதோம்? அண்ணன்னு போட்டா குடியா முழுகிரும்? அவரு அவசரமாப் போணுங்காரு. வேற கேபின்ல எடமில்ல. நீ அடி," என்றார் அவரும் குரலைத் தாழ்த்தி.

அடிக்கவில்லை. கை வரவில்லை. பெற்றவள் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கே தெரியாமல் அவளுக்கு ஒரு அண்ணனை உண்டாக்குகிறார் இந்த மனுஷன்! எழுந்து போய் சுவரில் தொங்கிய பிளானை முதல் தடவையாகப் படித்தேன். பெர்த் நீளம் ஆறடி, அகலம் இரண்டடி. நடுவில் நடக்க இரண்டடி. மர ஸ்கேலையும் சாக்பீஸையும் எடுத்து, தரையில் எதிரும் புதிருமாக இரண்டு கட்டம் போட்டேன்.

"ஏட்டி, என்ன கூத்து இது?" என்றார் முதலாளி.

"தம்பிகளா, ரெண்டு பேரும் இதுல படுங்க," என்றேன்.

படுத்தார்கள். பெரியவன் மல்லாந்ததும் சின்னவன் பாதி உடம்போடு கோட்டுக்கு வெளியே கிடந்தான். வீட்டுப் பழக்கத்தில் இருவரும் குறுக்கே திரும்பினார்கள். இடுப்புக்குக் கீழே கால் முழுவதும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டுல ஒரே பாய்ல குறுக்கதானே படுக்காங்க, சமாளிச்சுக்கிடுவாங்க," என்றார் முதலாளி.

"பாய் தரையில கெடக்கும் ஸார். இது ஆளு ஒசரத்துல இருக்கு. கப்பல் வேற ஆடும்."

கனகு தானாகவே ஒரு கட்டத்தில் படுத்துப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, கையெட்டும் தூரத்தில் இருந்த எதிர்க் கட்டத்தைப் பார்த்தாள். "அக்கா, தம்பிய ரெண்டு பேரும் மேல ஒரே பெர்த்துலன்னா, மிச்சமாகுற இதுல யாரு படுக்கா?"

முதலாளி என்னை முறைத்தார். நான் சொல்லிவிட்டேன், பெயரையும் உறவையும் சேர்த்தே.

செல்லத்தாய் சத்தம் போடவில்லை. "எனக்கு அண்ணன் ஒருத்தன்தான். அவன் செத்து மூணு வருசமாச்சு," என்றார். "அவன் எடத்துல யாரக் கொண்டாந்து எழுதுதீய மொதலாளி? எம்பிள்ள வயசுக்கு வந்து ஆறு மாசம் ஆகுது. ஏழெட்டு நாளு எவனோ ஒருத்தன் பக்கத்துல கெடந்து உறங்கணுமா அவ?"

கனகு படக்கென்று எழுந்து பாவாடையை இழுத்து விட்டுக்கொண்டாள். செல்லத்தாய் போய் அந்த எதிர்க் கட்டத்துக்குள் உட்கார்ந்தார். "நாலு பேருக்கும் நாலு பெர்த்துன்னு அடிச்சு, வாசிச்சுக் காட்டுங்க. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

முதலாளியைக் கேட்காமலே அடித்தேன். தறிச் சத்தத்துக்கு மேலே உரக்க வாசித்தேன். படிக்கட்டில் வேறு ஆட்கள் வந்து நின்றதால் முதலாளி கையெழுத்துப் போட்டார். அவர்கள் இறங்கிப் போனதும், "நாளையிலேருந்து நீ வராண்டாம்," என்றார்.

லிஸ்ட் அடிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பெயருக்கு உரியவரை எதிரே உட்காரவைத்து, அடித்ததை வாசித்துக் காட்டுங்கள். தாளில் அரை டிக்கெட்டாக இருக்கிற பிள்ளைக்கும் உடம்பு முழுசாகத்தான் இருக்கிறது.

அன்றைக்குக் கிளம்புவதற்கு முன் பழைய லிஸ்ட்டுகளின் கார்பன் காப்பி ஃபைலைப் புரட்டினேன். எல்லாம் என் கையால் அடித்தவை. பக்கத்துக்குப் பக்கம் ஒரே பெர்த்துக்கு இரண்டு பிள்ளைகள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு அண்ணன், ஒரு மாமா, ஒரு சித்தப்பா. அவர்களில் யார் நிஜ அண்ணன், யார் நிஜ மாமா என்று ஒரு தாயிடமும் நான் கேட்டதில்லை.