பின் டயரில் முப்பத்திரண்டு

முன் டயருக்குக் காற்று இருபத்தைந்து. பின் டயருக்கு, ஒருவர் போனால் இருபத்தெட்டு, இருவர் போனால் முப்பத்திரண்டு. ஐந்தாம் வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாட்டுக்குத் தடுமாறிய எனக்கு இந்த எண்கள் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். காரணம் என் அப்பா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், செக்கிங் பிரிவில் அவருக்கு வேலை. தோலின் தடிமன் நூலளவு குறைந்தாலும் தூக்கித் தள்ளி வைத்துவிடுவார். அந்தக் குணம் கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் கூடவே வந்தது. சட்னியின் உப்பிலிருந்து என் இரண்டு ஜடைகளின் நீளம் வரை எல்லாம் அவருக்கு அளவாக இருக்க வேண்டும்.

பைக் டயர் விஷயத்தில் அவரிடம் வாய் கொடுத்து மீள முடியாது. பெட்ரோல் பங்கில் எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி அடித்துவிடுகிறார்கள் என்று, காலால் மிதிக்கும் பம்பு ஒன்றும், சின்னக் கடிகாரம் போல முள் வைத்த கேஜ் ஒன்றும் சொந்தமாக வாங்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். ஓட்டி வந்த சூட்டில் பார்த்தால் இல்லாத காற்றை இருப்பதாகக் காட்டுமாம். வெளியூர் போனால் கேஜும் சட்டைப் பையில் கூட வரும். வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, எல்லோரும் தாம்பூலப் பை வாங்கிக்கொண்டிருக்க, அப்பா மண்டப வாசலில் டயர் பக்கத்தில் குந்தியிருந்தார். அம்மா அவரைத் தெரியாதவர் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்வது என் வேலை. வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பதவி அதுதான் என்பதால் கொஞ்சம் கர்வமாகவே செய்துவந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபத்தெட்டு வந்ததும் நான் நிறுத்தச் சொல்லியும் அப்பா நிறுத்தவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தார். முப்பத்திரண்டில் கேஜை எடுத்துவிட்டு மூடியைத் திருகினார். நாலு ஜாஸ்தி என்று சொன்னேன். ரோடு சரியில்லை, இருக்கட்டும் என்றார். எனக்குக் குழப்பமாகிவிட்டது. கம்பெனிக்கு அவர் தனியாகத்தான் போகிறார். ரோட்டுக்காகக் கணக்கை மாற்றுகிற ஆளும் இல்லை அவர். சமையல்கட்டுக்குப் போய் அம்மாவிடம், அப்பாவுக்கு எண் மறந்துபோய்விட்டது என்று புகார் சொன்னேன்.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ரெண்டு பேருக்கு எவ்வளவு வைப்பார் என்று கேட்டார். முப்பத்திரண்டு என்றேன். கத்தி அப்படியே நின்றது. அப்புறம் மறுபடியும் நறுக்கத் தொடங்கினார், முன்னைவிட வேகமாக.

அந்த வாரத்திலிருந்து அப்பா ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் போனார். கேட்டால், ஷிப்மென்ட் இருக்கிறது என்பார். அம்மா ஒருநாள் அவரிடம், வண்டியில் யாரையாவது ஏற்றிக்கொண்டு போகிறீர்களா என்று, ரேஷன் கடை திறந்திருக்கிறதா என்று கேட்பதுபோல், சாதாரணமாகக் கேட்டார். இல்லையே என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் உள்ளே வந்ததும் அம்மா மெல்ல எண்ணைக் கேட்பார். அடுத்த வாரமும் முப்பத்திரண்டு. அதற்கடுத்த வாரமும் முப்பத்திரண்டு. அன்று மத்தியானம் அம்மா துணி துவைக்கும் கல்லருகே உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அழுகிற அளவுக்கு அந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. டயர் வெடித்து அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அப்படியென்றால் வழி சுலபம்.

திங்கட்கிழமை காலை அப்பா குளிக்கப் போனதும், ஒரு ஹேர்பின்னோடு பைக் அருகே போனேன். மூடியைக் கழற்றி, வால்வின் நடுவிலிருக்கும் ஊசியை அழுத்தினேன். கேஜை வைத்துப் பார்த்தால் முப்பது. இன்னொரு அழுத்து. கை கொஞ்சம் தாமதித்துவிட்டது. முள் இருபத்திரண்டில் போய் நின்றது. பம்பை மிதித்தால் சத்தம் கேட்கும். அதுவுமில்லாமல் எனக்கு அது அசையவே அசையாது. குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூடியைத் திருகிவிட்டு உள்ளே ஓடி, அப்பா இருபத்தெட்டாகக் குறைத்துவிட்டார் என்று அம்மாவின் காதில் சொன்னேன். பொய்தான். ஆனால் அம்மாவின் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்தபோது அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. அன்று அப்பாவுக்கு நெய் தோசை போட்டார். இன்றைக்கு என்ன விசேஷம் என்று தெரியாமல் அப்பா விழித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

நான் யூனிஃபார்ம் போட்டு முடித்தபோது அம்மாவின் போன் அடித்தது. எதிர் வீட்டு அக்கா, கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறவர், வேனுக்குள்ளிருந்தே பேசினார். மாதனூர் பக்கம் சர்வீஸ் ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் அப்பாவைப் பார்த்தாராம். கூட ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாளாம்; முகம் தெரியவில்லையாம். அம்மா போனை வைத்தார். அடுப்பை அணைத்தார், வீட்டைப் பூட்டினார், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். அம்மாவுக்குக் காது கேட்கவில்லை.

பஞ்சர் கடையில் அப்பாவின் வண்டி பின் சக்கரம் இல்லாமல் நின்றிருந்தது. கடைக்கார பாய் தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை முக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. பிளாஸ்டிக் நாற்காலியில், முக்காடு போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அம்மா என் கையை விட்டுவிட்டு நேராக அங்கே போனார். அந்தப் பெண் திரும்பினார். என் பெரியம்மா.

அம்மாவின் சொந்த அக்கா. என் காதுகுத்தில் பிரியாணி பற்றாமல் போனபோது, அளவு தெரியாமல் ஆக்கிவிட்டாள் என்று ஊர் முன்னால் சொன்னவர். அதிலிருந்து நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த வீட்டு வாசலை மிதிப்பவர்கள் இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்று அம்மா அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பெரியம்மா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். வலது காலில் கணுக்கால் வரை கட்டு. கட்டு முழுக்க மண், மண்ணுக்கு மேலே ரத்தம் கசிந்திருந்தது.

"எழுந்துக்காத," என்றார் அம்மா. "இன்னாக்கா இது?"

சர்க்கரைப் புண்ணாம். ஆறவில்லையாம். இரண்டு வாரமாகத் தினமும் ஆம்பூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கட்டு மாற்ற வேண்டியிருக்கிறதாம். பெரியப்பா லாரியோடு வடக்கே போய்விட்டார். காலை நேர பஸ் கூட்டத்தில் யாராவது புண்ணை மிதித்துவிடுவார்கள் என்று பயந்து, அப்பாதான் வேலைக்குப் போகுமுன் வந்து கூட்டிப் போகிறாராம். இதையெல்லாம் பெரியம்மா அழுதுகொண்டே சொன்னார். அம்மா அந்தக் கிரீஸ் தரையிலேயே உட்கார்ந்து, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எங்கிருந்து நடந்து வந்தாய் என்று கேட்டார். பெரியம்மா தூரத்தில் தெரிந்த மேம்பாலத்தைக் காட்டினார். நாலைந்து பஸ் நிறுத்தம் தள்ளியிருக்கும் அது. வண்டி அங்கேதான் பஞ்சரானதாம்.

எனக்குத் தலை சுற்றியது. பெரியம்மாவைப் பிடிக்காதவர் ஏன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்? யாரையோ அடிக்கப் போகிற வேகத்தில் வந்தவர் எதற்கு இப்படிச் சந்தோஷமாக இருக்கிறார்? அழுகைக்கு நடுவே அம்மாவிடம் அப்படியொரு சந்தோஷம் தெரிந்தது, சத்தியமாக.

பாய் ட்யூபைத் தூக்கிக் காட்டினார். பாம்பு கொத்தியதுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

"ஆணி கீணி இல்ல சார். காத்து கம்மி. ரெண்டு பேரு வெயிட்டுல பள்ளத்துல எறங்கனதும் ரிம்மு கடிச்சிருச்சி."

கம்மியாக இருக்க வாய்ப்பே இல்லை என்றார் அப்பா. நேற்றுதான் பார்த்ததாகச் சொன்னார். எனக்கு விடை தெரிந்த கேள்வி அது. சும்மா இருக்க முடியுமா?

"நாந்தான்பா கொறச்சேன். இருபத்திரண்டு ஆயிடுச்சி."

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு திட்டாவது விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி அம்மாவையும், அம்மாவின் மடியிலிருந்த காலையும் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் தான் பாய் காலைல பாக்காம வந்துட்டேன்," என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் பார்க்காமல் வருகிற ஆளா? அதை மறுத்துச் சொல்ல வாயெடுத்தபோது அப்பா என் தலையில் கை வைத்தார். பாய் ட்யூபை உரசத் தொடங்கினார்.

சக்கரம் மாட்டியதும் அம்மா பெரியம்மாவோடு ஆட்டோவில் டாக்டரம்மாவிடம் போனார். அதன் பிறகு தினமும் அவரே கூடப் போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவே குழம்புச் சட்டிகள் போய்வரத் தொடங்கின. பைக்கில் யார் இருப்பார்கள் என்று நினைத்தாய் என்று அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். போய்ப் படி என்றார், காது மடல் சிவக்க.

இரண்டு மாதம் கழித்துப் பெரியம்மாவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அன்று சாயங்காலம் அப்பா என்னை மாடிக்குக் கூட்டிப்போய், "அந்த வெரலு முன்னாடியே போயிருச்சாம். அன்னைக்கு அவ்ளோ தூரம் நடந்ததால இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க," என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு விளையாடப் போனேன். பத்து நாள் கழித்து, ஜடை பின்னிக்கொண்டிருந்தபோது வந்து அதையே சொன்னார். தீபாவளிக்குப் பெரியம்மா ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து எங்கள் வீட்டுப் படியேறி வந்த அன்று, கையில் மத்தாப்போடு நின்றிருந்த என்னைத் தேடி வந்து மறுபடியும் சொன்னார்.

நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு இவர் எதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்று எரிச்சலாக இருந்தது.

"தெரியும்பா. எத்தினி தடவ சொல்லுவ?" என்றேன்.

அப்பா சிரித்தார். பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. என்றைக்காவது ஒருநாள் எனக்குள் வரப்போகிற எந்தக் கேள்விக்கு அவர் அவ்வளவு பயந்தார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. மத்தாப்பு அணைவதற்குள் தெருவுக்கு ஓடினேன்.