வாசற்படி அக்காவும் ஆக்ஸிஜன் கட்டமும்

நான் ஓட்டுகிற தனியார் ஆம்புலன்ஸில் முதலுதவி செய்கிற அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் வாசற்படி. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், அப்புறம்தான் உள்ளே போவார். உள்ளே ஆள் மூச்சுப் பேச்சில்லாமல் கிடப்பார்; இவர் பெண் பார்க்க வந்தவர் மாதிரி நிற்பார். திட்டு எனக்கும் சேர்த்து விழும்.

பில்லிலும் அதே பிடிவாதம்தான். கொடுக்காத ஆக்ஸிஜனுக்கு எழுத மாட்டார், கட்டத்தைக் காலியாக விடுவார். மேலாளர் தன் பேனாவால் நிரப்பிக்கொள்வார். கால் சுளுக்கிய ஒரு அம்மாவுக்குக்கூட ஆக்ஸிஜன் எழுதிப் பணம் வாங்கினார். ஒரு நாள் காலையில் மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னொரு பில்லு காலியா வந்துச்சுன்னா யூனிஃபார்ம் கோட்டக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

அக்கா வீடு அவர் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அவரோ கையுறைப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மதியம் அழைப்பு வந்தது. முகவரி, மேலாளரின் வீடு. அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார்; அங்கே அவருடைய மாமனார் குளியலறையில் விழுந்து கிடந்தார். ஈரத் தரை, பக்கத்தில் ஹீட்டர் ஒயர். அக்கா வாசலில் நின்றார். தூக்கப் பாய்ந்த மேலாளரின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தார்.

"மெயின் சுவிட்ச் எங்க இருக்கு?"

"மனுஷன் சாகக் கெடக்குறாரு, மெயினக் கேக்குறியா? விடு என்னை!"

சட்டை கிழிந்தது. பிடி விடவில்லை. நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அக்கா உள்ளே போய் நாடி பார்த்தார். பெரியவர் கண் திறந்தார்.

"கரண்டு போயிடுச்சா?" என்றார்.

விரலில் மாட்டிய கருவி, மூச்சு சரியாக இருக்கிறது என்றது. கையில் தீக்காயம், கட்டுப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் பெரியவர் வீட்டுக்கு வந்து, கிழிந்த சட்டைக்கு யார் பொறுப்பு என்று கேட்டாராம்.

அந்த மறுநாளே மாமனாரின் பில் மேலாளர் மேசைக்கு வந்தது. பழக்கதோஷம், பேனா நேராக ஆக்ஸிஜன் கட்டத்துக்குப் போய் நின்றது. அக்கா மடித்த கோட்டோடு அறை வாசலில் நின்றிருந்தார், பக்கத்தில் நான்.

"ஆக்ஸிஜன் குடுக்கலையா?"

"இல்ல சார். தேவைப்படல. காலியா விட்டிருக்கேன், வழக்கமா நீங்கதானே நிரப்புவீங்க."

சொன்னதில் கிண்டல் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால் மேலாளர் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார். கட்டத்தின் குறுக்கே கோடு போட்டார்.

"கோட்டப் போட்டுக்கோம்மா. உள்ள வா."

அக்கா நகரவில்லை.

"அந்தக் கால் சுளுக்குன அம்மா பில்லு, சார்?"

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் எண்ணைத் தேடிப் போனை எடுத்தார்.

"அம்மா, ஆம்புலன்ஸ் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்ககிட்ட அதிகமா வாங்கிட்டோம், திருப்பித் தர்றோம்."

அப்போதுதான் அக்கா உள்ளே காலெடுத்து வைத்தார்.