எச்சில் அக்காவும் சலூன்காரர் கழுத்தும்

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் அம்மாவுக்கு எச்சில் அக்கா என்று பெயர் வந்து இருபது வருஷம் ஆகியிருக்கும். வைத்தது யாரென்று தெரியாது. முதலில் நர்ஸுகள் கூப்பிட்டார்கள், பிறகு கேன்டீன்காரர், கடைசியில் டாக்டர்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொண்டதில்லை. "உள்ளதைத்தானே சொல்றாங்க" என்பார்.

வயிறு, சிறுநீரகம், கர்ப்பம் என்று நாளுக்கு நாற்பது பேர் வந்துபோகிற அறை அது. தாடை வீங்கி வருகிறவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேர்தான். மற்ற டெக்னீஷியன்கள் அவர்களை ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்கள். அக்கா மட்டும் ஒரு துண்டு எலுமிச்சம்பழத்தை நாக்கில் வைக்கச் சொல்லிவிட்டு, கருவியைத் தாடைக்கு அடியில் அழுத்திக்கொண்டு காத்திருப்பார். புளிப்பு பட்டதும் எச்சில் ஊறும். ஊறினால் நூல் மாதிரி இருக்கிற உமிழ்நீர்க் குழாய் கொஞ்சம் விரிந்து, திரையில் கறுப்புக் கோடாகத் தெரியும். எங்காவது கல் அடைத்திருந்தால் அதற்குப் பின்னால் கோடு தடித்துக்கொள்ளும்.

இதைப் பாதி புத்தகத்திலிருந்தும் பாதி வீட்டுக்காரர் கழுத்திலிருந்தும் கற்றுக்கொண்டார். எலக்ட்ரீஷியனான அந்த மனிதர், லீவு நாளில் ஸ்கேன் அறைக்கு வந்து மணிக்கணக்கில் நாக்கைத் தூக்கிக்கொண்டு படுத்திருக்கிறார். "கல்யாணத்துக்கு முன்னாடி என் மூஞ்சியைக்கூட இவ இவ்வளவு நேரம் பார்த்ததில்லை" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை ஒரு சலூன்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தின் இடது பக்கம், தாடைக்குக் கீழே, கோழிமுட்டை அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம். இரண்டு முறை கழுத்தைக் கிழித்து எடுத்தாயிற்று. இரண்டு முறையும் ஆறே மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை நாள் குறித்திருந்தார்கள்.

"வலி ஒண்ணும் இல்லைக்கா. ஆனா என் தொழில் கண்ணாடி முன்னாடி. உட்காருறவங்க அவங்க முடியைப் பார்க்கறதில்லை, என் கழுத்தைப் பார்க்கறாங்க. ஒட்டிக்குமான்னு கேட்டுட்டு ஒருத்தர் பாதி ஷேவோட எழுந்து போயிட்டார்."

அக்கா ஜெல்லைத் தடவினார். வீக்கம் திரையில் கறுப்பாக விரிந்தது. சுத்தமான நீர்க்கட்டி. எலுமிச்சை வைத்துப் பார்த்ததில் தாடைச் சுரப்பியின் குழாய் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. அப்படியானால் இந்த நீர் எங்கிருந்து வருகிறது? கட்டியின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டே மெதுவாகப் போனார். அது குறுகி, வால் போல மெலிந்து, வாய்க்குத் தரை மாதிரி விரிந்திருக்கிற தசைக்குள் நுழைந்தது. அங்கே தசையில் ஒரு சின்ன இடைவெளி. அதற்கு மேலே நாக்குக்கு அடியிலுள்ள சுரப்பி.

கையுறை மாட்டிக்கொண்டு, "வாயைத் திறங்க, தம்பி" என்றார். ஒரு விரலால் நாக்கின் அடியை அழுத்தினார். திரையில் அந்த வாலின் வழியே நீர் கீழே நகர்ந்தது. விரலை எடுத்தார், நின்றது. மூன்று முறை செய்து பார்த்தார். மூன்று முறையும் அதேதான்.

ஸ்கேன் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நாக்கடிச் சுரப்பியிலிருந்து ஒழுகுவதாக இருக்கலாம்" என்று ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அதோடு அக்காவின் வேலை முடிந்தது. படம் எடுப்பது அவர் வேலை, கருத்துச் சொல்வது அல்ல. ஆனால் அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதும் அதே நினைப்புதான். அந்தக் கடைசி வரியை யார் படிப்பார்கள்? டப்பாவை மூடி வைத்துவிட்டு மாடிக்கு ஏறினார்.

வியாழக்கிழமை ஆபரேஷன் செய்யவிருந்த சர்ஜன் முன்கோபக்காரர் என்று பெயரெடுத்தவர். நிமிர்ந்து பார்க்காமலே, "ரிப்போர்ட்தான் வந்துடுச்சே" என்றார்.

"வந்துடுச்சு சார். ஆனா நீங்க கண்ணால ஒரு தடவை பார்க்கணும். ஒழுகுறது மேல, நாக்குக்கு அடியில. கழுத்துல வந்து தேங்குது, அவ்வளவுதான். இதுவரைக்கும் தேங்கினதை மட்டும்தான் எடுத்திருக்கோம்."

சொன்ன பிறகுதான் அந்த இரண்டு ஆபரேஷனையும் செய்தவர் இவரே என்பது நினைவுக்கு வந்தது. சர்ஜன் பேனாவை மூடி வைத்தார். "ஆள் இருக்காரா, போயிட்டாரா?" என்றார்.

"உட்கார வச்சிருக்கேன் சார்."

சர்ஜன் கீழே வந்து பார்த்தார். தன் விரலாலேயே அழுத்தியும் பார்த்தார். மறுநாள் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அந்த வால் இன்னும் தெளிவாக விழுந்தது. வியாழக்கிழமை கழுத்தில் கத்தியே படவில்லை. வாய் வழியாக நாக்கடிச் சுரப்பியை எடுத்தார்கள், தேங்கிய நீரை வடித்தார்கள். ஆறு மாதம் போயிற்று, ஒரு வருஷமும் போயிற்று, வீக்கம் திரும்பவில்லை. அந்த ஒரு வருஷமும் சர்ஜன் தாடை வீங்கிய யாரையும் அக்கா பார்க்காமல் ஆபரேஷன் மேஜையில் ஏற்றவில்லை.

அப்போதுதான் அவர் ஒரு கேள்வி கேட்டார். "அந்தத் தசையில ஓட்டை அவருக்கு மட்டும்தானா, எல்லாருக்குமே உண்டா?"

கேள்வி அக்காவைப் பிடித்துக்கொண்டது. முறைப்படி அனுமதி வாங்கி, மதிய இடைவேளைகளில் ஆஸ்பத்திரி ஆட்களையே படுக்க வைத்தார். சலவைப் பகுதிக்காரர்கள், சமையல்காரர்கள், லிஃப்ட் ஓட்டுகிறவர் என்று சம்மதித்தவர்கள் எல்லாரும் எலுமிச்சை சப்பிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தார்கள். எட்டு மாதத்தில் நூற்றுப் பதினோரு பேர். பலருக்கு அந்த இடைவெளி இருந்தது, ஒரு தொந்தரவும் இல்லாமல். நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இடமும் அளவும் பென்சிலால் வரைந்து வைத்தார். டாக்டர்கள் பத்திரிகையில் கட்டுரை வந்தபோது சர்ஜன் பெயருக்கு அடுத்து அக்காவின் பெயர். முழுப்பெயர். அது யாரென்று பாதிப் பேருக்குப் புரியவில்லை.

கட்டுரைக்கான கணக்கை முடிப்பதற்கு முந்தின நாள் சர்ஜனே வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஸ்கேன் கட்டிலில் படுத்தார். அக்கா எலுமிச்சையைக் கொடுத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு சப்பினார். அக்கா கருவியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார்.

"என்ன, எனக்கு இருக்கா?"

"ரெண்டு பக்கமும் இருக்கு சார்."

"ரெண்டு பக்கமுமா?"

"பேசாதீங்க சார், படம் கலையுது" என்றார் எச்சில் அக்கா. சர்ஜன் வாயை மூடிக்கொண்டார்.