பூனை என்று எழுதிய கட்டி

அரிசி ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளுகிறவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், முகம் கழுவும்வரை பெற்ற மகளே, "யாருங்க நீங்க? அப்பா இன்னும் வரலையே" என்பாள். அவ்வளவு சாம்பல். ஊர் அவருக்கு வைத்த பெயர் சாம்பலார். அந்தக் கடைசி இரண்டெழுத்துதான் ஊர் கொடுத்த மொத்த மரியாதை.

பத்தொன்பது வருடம் அந்த அடுப்பையே பார்த்ததில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. அவசரத்தில் எரிந்த உமி கறுப்பாக வரும், அது குப்பை. நிதானமாக எரிந்து வெளுத்த சாம்பலை மாவாக அரைத்து, பத்துப் பங்கு சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து அதைச் சேர்த்தால், கான்கிரீட் கல்லாக இறுகியது. ஆலைக்குப் பின்னால் ஒரு கட்டி வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் இருபத்தெட்டு நாள் போட்டுவைத்து அடித்துப் பார்த்தார். சம்மட்டிதான் துள்ளியது.

சோதனைக்கு வார்க்கும் கட்டி ஈரமாக இருக்கும்போதே அதன் தலையில் ஆணியால் தேதியும் கலவை அளவும் கீற வேண்டும். அது அவருக்கும் தெரியும். ஆனால் அதை வார்த்த அன்றைக்குச் சாப்பாடு கொண்டுவந்த மகள், "என் பேரை எழுதுப்பா" என்றாள். வீட்டில் அவள் பெயர் பூனை. எழுதினார். பக்கத்தில் மீசையும் வரைந்தார். தேதிக்கு இடமில்லை.

விஷயம் காதில் விழுந்து, ஊரில் கட்டட வேலை எடுக்கும் காண்ட்ராக்டர் வந்தார்.

"வெளுத்தது மட்டும் எடுங்க சார். பத்துல ஒண்ணு. மேல போகாதீங்க," என்றார் சாம்பலார்.

"எனக்கே பாடமா?" என்று சிரித்த காண்ட்ராக்டர், ஓசியில் கிடைத்த கறுப்புச் சாம்பலை லாரியில் வாரிப்போய், பத்துக்கு நாலாகக் கொட்டிச் சந்தைக்குக் கூரை போட்டார். முட்டுப் பலகையைப் பிரித்த அன்றே கூரை தொய்ந்து விரிசல் விட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அடி மொத்தமும் சாம்பலாருக்கு என்று எடுத்துவைக்கப்பட்டிருந்தது.

விசாரணையில் காண்ட்ராக்டர் சாம்பலார் பக்கம் கையை நீட்டினார். "இவர் சொன்ன கலவைதான் சார்."

வேலை போய்விடுமே என்ற பயத்தில் சாம்பலார் தன் கட்டியைத் தோளில் சுமந்து வந்திருந்தார். விசாரிக்க வந்த இன்ஜினியரின் மேசையில் அதை வைத்தார். "நான் சொன்ன கலவை இதுங்க. உடைச்சுப் பாருங்க."

இன்ஜினியர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேதி எங்கே? அளவு எங்கே? பூனைன்னு போட்டிருக்கு."

"அது... என் பொண்ணு சார்."

அறையே சிரித்தது. காண்ட்ராக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தேதியில்லாத கட்டியை உடைச்சுச் சோதிக்கிற மெஷின்ல வைக்க முடியாதுங்க. தூக்கிட்டுப் போங்க."

அன்று மாலையே ஆலை முதலாளி சாம்பலாரை வேலையிலிருந்து நிறுத்தினார். கூரையை இடித்துக் கட்டும் வேலை அதே காண்ட்ராக்டருக்குக் கிடைத்தது.

கட்டி இப்போது வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட மகள், ஒருநாள் பக்கத்து வீட்டுச் சம்மட்டியை இரவல் வாங்கிவந்து, தன் பெயரின் மேலேயே பலங்கொண்ட மட்டும் போட்டாள். சம்மட்டியின் பிடி முறிந்தது.

"விடும்மா," என்றார் சாம்பலார். "அங்க மெஷின்ல வைக்காததும் நல்லதுதான். அது உடைஞ்சிருந்தா அதையும் என் தலையில எழுதியிருப்பாங்க."

மகள் சிரிக்கவில்லை. அவர் குனிந்து முறிந்த பிடியைப் பொறுக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் பதில் சொல்லப் போனார்.