பிடித்த கை விடவில்லை

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்றாவது மாதம் முடியும் தறுவாய். கால் ஓரளவு வந்துவிட்டது. எங்கள் ஊர் டச்சுக் கல்லறைத் தோட்டத்துச் சுவரைத் தொட்டபடி தினமும் நடக்க வைத்திருந்தேன். வலது கைதான் வரவில்லை. ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவளுக்கு இடது கை விரட்டும் கை, வலதுதான் பிடிக்கும் கை. அது வராமல் ஏரியில் அவளுக்கு வேலையில்லை.

நான் அப்போது பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு. மூளையில் செத்துப்போன இடத்தின் வேலையை மிச்சமிருக்கும் இடங்கள் பழகிக்கொள்ளும், அந்த வேகம் முதல் சில மாதங்களில்தான் அதிகம் என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டால் முடங்கிய கை வேலைக்கு வரும் என்று வகுப்பில் சொன்னார்கள். விரல் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்குத்தான் என்றும் சொன்னார்கள். எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

பந்து கொடுத்தேன், பயறு பொறுக்கச் சொன்னேன். "இன்னாடி, என்னை பால்வாடில சேக்கப் போறியா?" என்று அம்மா பந்தை உருட்டிவிட்டாள்.

சேறு பட்டால் விரலுக்குத் தன் வேலை தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. நைனா கடலுக்குப் போயிருந்த ஒரு காலையில், அவருடைய துண்டால் அம்மாவின் இடது கையை இடுப்போடு கட்டி ஏரியில் இறக்கினேன். மண்டியிட்டால் நெஞ்சளவு தண்ணீர். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை வழக்கம்போலப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

கலங்கிய தண்ணீருக்குள் அவள் விரல்மேல் என் விரலை வைத்துக் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் ஓரடி தள்ளிப் போகச் சொன்னேன். திடீரென்று அவள் கை என் கையிலிருந்து நழுவியது. அசைகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

நிமிர்ந்தால் அம்மா இல்லை. அடியில் இருந்த பள்ளத்தில் சரிந்து முங்கியிருந்தாள். ஒரு சத்தம் போடவில்லை. பறி பல்லில் இருக்கும்போது வாயைத் திறந்தால் பிடித்ததெல்லாம் ஏரிக்கே போய்விடும். முப்பது வருஷப் பழக்கம். பறியில் ஒற்றை இறால் கிடையாது. அப்போதும் அவள் திறக்கவில்லை.

முங்கித் துழாவினேன். தோள் அகப்பட்டு வழுக்கியது. அந்த நேரம் என் பின்னலை ஏதோ பிடித்து இழுத்தது. அந்தப் பிடியோடு அவளைக் கரைக்கு இழுத்து வந்தேன்.

இருமி முடித்த பிறகுதான் இருவரும் பார்த்தோம். பின்னலைப் பிடித்திருந்தது வலது கை.

"உடும்மா."

"உடத்தான் பாக்குறேன். உட மாட்டேங்குது."

விரல்கள் மூடுவது முதலில் வரும், திறப்பது பிறகு. அதையும் படித்திருந்தேன், அவளிடம் சொன்னேன். "புடிச்சத பறில போடத் தெரியாத கைய வெச்சிக்கினு எவ ஏரிக்குப் போவா?" என்றாள். பின்னந்தலைக்கு என் கை வாகாக எட்டவில்லை. அவள் இடது கையை அவிழ்த்தால் அதைக்கொண்டே விரல்களைப் பிரித்துவிடலாம் என்று துண்டின் முடிச்சைத் தொட்டேன்.

"அவுக்காத. எது புடிச்சிதோ அதுவே உடட்டும்."

தலையைச் சாய்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். மயிர்க்கால்கள் எரிந்தன. அம்மா தன் கையையே முறைத்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிய பிறகு சுண்டுவிரல் மட்டும் லேசாக விலகியது. மற்றவை இறுகியே இருந்தன.